பனி நாட்டுத் தோட்டங்கள் - 7: வைக்கோலுக்குள் வாழை

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில், நார்த்தியம் கிராமத்தில் இருக்கிறது கிரேட் டிக்ஸ்டர் மாளிகை. அங்கிருந்த ரோஜாத் தோட்டத்தை அமைத்தவர், புது தில்லியைத் திட்டமிட்ட அதே எட்வின் லட்யன்ஸ். 1990-களின் தொடக்கத்தில், மாளிகையின் உரிமையாளரும் தோட்டக்கலை எழுத்தாளருமான கிறிஸ்டோபர் லாயிட், எழுபது வயதைத் தாண்டிய நிலையில், அந்த ரோஜாக்களை வேரோடு பிடுங்கினார். உடன் நின்றவர் தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்கஸ் காரெட். ரோஜா பிரியர்கள் கொதித்தார்கள். காலியான பாத்திகளில் கல்வாழையும் டாலியாவும் வந்தன. அவற்றுக்கு மேலே வாழை தலைதூக்கியது.

பனி விழும் ஊரில் வாழையா?

எல்லா வாழையும் அங்கே பிழைக்காது. பிழைப்பது ‘மூசா பாஸ்ஜூ’. ஜப்பான் வாழை என்று பெயர் பெற்றிருந்தாலும் தாயகம் தென் சீனா. காய் சிறியது, உள்ளே முழுக்க விதை, தின்ன உதவாது. இலையின் அழகுக்காகவே வளர்க்கிறார்கள். 1681-இல் சீடர் ஒருவர் தந்த கன்றைக் குடிசை அருகே நட்டு, அந்த வாழையின் பெயரையே தன் புனைபெயராக்கிக்கொண்ட ஜப்பானியக் கவிஞர்தான் மட்சுவோ பாஷோ.

முதல் உறைபனியிலேயே இலைகள் கருகித் தொங்கிவிடும். வெளியே மரம்போல நிற்பது ஒன்றையொன்று சுற்றிய மட்டைகள்தான். உள்ளே பெரும்பாலும் தண்ணீர். கடுங்குளிரில் அந்தத் தண்ணீர் உறைய, திசுக்கள் சிதைந்து, பனி உருகியதும் எல்லாம் கூழாகிவிடும். ஆனால் உயிர் இருப்பது மண்ணுக்குள், கட்டையில். காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் மண் அதே வேகத்தில் குளிர்வதில்லை. மேலே இலைச்சருகைக் கனமாகப் பரப்பி வைத்தால், வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குப் பல டிகிரி கீழே போனாலும் கட்டை தப்பிவிடும். வசந்தத்தில் பக்கக்கன்றுகள் முளைக்கும்.

இதோடு விட்டுவிடலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தரையிலிருந்து தொடங்கும் வாழை, குறுகிய கோடை முழுவதையும் பழைய உயரத்தைப் பிடிப்பதிலேயே செலவழிக்கும். பூ விடுவது அபூர்வம். மட்டைகளையும் காப்பாற்றினால்தான் அடுத்த ஆண்டு ஆளுயரத்துக்கு மேலே குருத்து விரியும். மெனக்கெட வேண்டிய வேலைதான்; அந்த உயரத்துக்காக அதைத் தாராளமாகச் செய்யலாம்.

கருகிய இலைகளை வெட்டிவிட்டு, செடியைச் சுற்றிக் கம்பிவலையை வளையமாக நிறுத்தி, இடைவெளியில் உலர்ந்த வைக்கோலைத் திணிக்கிறார்கள். கிரேட் டிக்ஸ்டரில் இதற்குப் பெரணி இலைகளைப் பயன்படுத்தினார்கள். உச்சியில் மழை இறங்காதபடி ஒரு மூடி. குளிரைப் போலவே ஈரமும் இங்கே எதிரி. பிளாஸ்டிக் தாளை மட்டையோடு ஒட்டிச் சுற்றினால் உள்ளே வியர்த்து, குளிர் தொடாத இடமும் அழுகிவிடும். பின்பனி பயம் தீர்ந்த ஏப்ரல், மே மாதங்களில்தான் இந்த வைக்கோல் உறையைப் பிரிக்க வேண்டும். நுனி கொழகொழத்திருந்தால், உறுதியான வெண்மை தெரியும் வரை சீவினால் போதும். நடுவிலிருந்து குருத்து எழும்.

வாழையின் உறவான ‘என்செட்’ விஷயம் வேறு. எத்தியோப்பியாவில் பல லட்சம் பேரின் உணவு அது: கட்டையையும் மட்டையையும் கூழாக்கி, புளிக்கவைத்து ‘கோச்சோ’ என்னும் ரொட்டி சுடுகிறார்கள். செந்நிற இலை கொண்ட ‘மவுரெலி’ ரகம் ஐரோப்பியத் தோட்டங்களின் செல்லம். ஆனால் அது பொதுவாகப் பக்கக்கன்று விடாது. குருத்து செத்தால் செடியே போயிற்று. அதனால் உறைபனிக்கு முன்பே தோண்டி எடுத்து, குருத்தை மட்டும் விட்டு இலைகளைக் கழித்து, மட்டைகளுக்குள் தேங்கிய நீர் வடியும்படி சில நாள் தலைகீழாக வைக்கிறார்கள். பிறகு பனி புகாத கொட்டகையிலோ நிலவறையிலோ குளிர்காலம் முழுக்கக் கிட்டத்தட்ட தண்ணீரே காட்டாமல் வைத்திருந்து, வெயில் திரும்பியதும் தொட்டியில் நடுகிறார்கள்.

(தொடரும்)