இறக்குமதியால் இழந்த தொழிலும் அரசின் உதவியும்



ஊர்காவற்றுறை வணிகத்தை நன்கறிந்த துறைமுகம். போர்த்துக்கேயர் காலத்தில் இத்துறையிலிருந்து யானைகள் கப்பலேறின. பாய்க்கப்பல்கள் தென்னிந்தியக் கரைக்குப் போய்வந்த நாட்களில், சரக்கு வந்திறங்கும் நாளே இங்கு பலருக்குக் கூலி கிடைக்கும் நாளாக இருந்தது. ஆயினும், வந்திறங்கும் சரக்கு எல்லோருக்கும் ஒரே பயனைத் தருவதில்லை. கடல் கடந்து வரும் மலிவான வெங்காயம் வாங்குபவருக்கு இலாபம். வேலணையிலோ புங்குடுதீவிலோ கிணற்று நீர் இறைத்து அதே வெங்காயத்தை விளைவிப்பவருக்கு நட்டம். இந்த நட்டத்துக்கு ஆளாவோருக்கு அரசு எவ்வாறு கைகொடுக்கலாம் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில் நம் நாட்டு அனுபவத்தைப் பார்ப்போம். 1970 இல் பதவிக்கு வந்த அரசாங்கம், அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக, மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத் தோட்டங்களில் விளைந்த செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தென்னிலங்கையில் நல்ல விலை கிடைத்தது. நீரிறைக்கும் இயந்திரம் வாங்கியவர் பலர். கல்வீடு கட்டியவர் பலர். பின்னர் 1977 இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பர் மாத வரவுசெலவுத் திட்டத்துடன் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தளர்த்தப்பட்டன. பிறநாட்டு மிளகாயும் வெங்காயமும் சந்தைக்கு வந்தன. உள்ளூர் விளைச்சல் அவற்றுடன் போட்டியிட நேர்ந்தது. பிறநாட்டுத் துணிகள் தாராளமாக வந்தமையால் நாடெங்கும் கைத்தறிகள் ஓய்ந்தன. நெசவு நிலையங்களில் வேலை செய்த பெண்கள் பலர் தொழிலிழந்தனர்.

இங்கே ஒரு கேள்வி எழும். அப்படியாயின் இறக்குமதியை என்றும் தடுத்து வைத்தாலென்ன? அதற்கும் ஒரு விலை உண்டு. தடை நீடித்தால் நாட்டிலுள்ள ஒவ்வொரு குடும்பமும் மிளகாய்க்கும் துணிக்கும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டிவரும். அச்சுமை ஏழையின் சமையலறையில்தான் அதிகம் அழுத்தும். தடையை நீக்கினாலோ, இலாபம் நாட்டவர் எல்லோருக்கும் சிறுகச் சிறுகப் போய்ச் சேரும். நட்டமோ சில குடும்பங்களின் தலையில் மொத்தமாக விழும். பலர் பெறும் இலாபத்தில் ஒரு பங்கை எடுத்து அச்சிலரின் நட்டத்தை ஈடுசெய்வது நியாயம் அன்றோ? இவ்வகை அரச உதவிக்கு அடிப்படை இந்தக் கருத்தேயாகும்.

இக்கருத்துக்கு ஐக்கிய அமெரிக்கா 1962 இல், ஜனாதிபதி கென்னடியின் காலத்தில், சட்ட வடிவம் கொடுத்தது. இறக்குமதியால் வேலையிழந்த தொழிலாளர் குழுவாக விண்ணப்பிக்கலாம். காரணம் உறுதிப்பட்டால் வேறு தொழிலுக்கான பயிற்சியும், பயிற்சிக் காலத்தில் உதவிப் பணமும், வேறூருக்கு வேலை தேடிப் போவோர்க்கு இடம்பெயர்வுச் செலவும் கிடைக்கும். ஆனால் விதிகள் மிகக் கடுமையாக இருந்தமையால், முதற்சில ஆண்டுகளில் ஒரு விண்ணப்பமேனும் ஏற்கப்படவில்லை. 1974 இல் புதிய சட்டம் அவ்விதிகளைத் தளர்த்தியது. 2022 யூலையில் அத்திட்டத்தின் சட்ட அதிகாரம் முடிவுற்றதும், புதிய விண்ணப்பங்களை ஏற்பது நின்றுபோயிற்று. ஐரோப்பிய ஒன்றியமும் 2007 முதல் இதற்கென ஒரு நிதியத்தை நடத்தி வருகிறது.

இலங்கையில் நிலை என்ன? 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாத வேலையாட்களைக் கொண்ட தொழில்கொள்வோர், வேலையாளின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி ஒருவரை ஆட்குறைப்புச் செய்ய இயலாது. அனுமதி வழங்கும்போது ஆணையாளர் நட்டஈட்டையும் நிர்ணயிக்கலாம். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு சேவை முடித்தவர்க்குப் பணிக்கொடை பெறும் உரிமையை அளித்தது. 1958 இல் தோன்றிய ஊழியர் சேமலாப நிதியும் உண்டு. இவை யாவும் நல்லவையே. ஆயினும், இவை தொழில்கொள்வோர் ஒருவர் இருக்கிறார் என்னும் எண்ணத்தின்மேல் எழுப்பப்பட்டவை.

தீவகத்துத் தோட்டக்காரருக்குத் தொழில்கொள்வோர் யார்? வீட்டுத் திண்ணையில் தறி பூட்டிய பெண்ணுக்கு வேலைநீக்கக் கடிதம் கொடுப்பவர் யார்? மனைவியின் நகையை அடகு வைத்து நீரிறைக்கும் இயந்திரம் வாங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். சந்தையில் விலை பாதியாகிவிட்டது. அவரை எவரும் வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் அவருடைய தொழில் போய்விட்டது. எந்தக் கந்தோர்ப் பதிவேட்டிலும் அவர் வேலையிழந்தவராக எழுதப்படமாட்டார். கடன் மட்டும் எழுதப்பட்டிருக்கும்.

இக்குறைக்கு ஒரு வழியை அமெரிக்கச் சட்டமே பின்னாளில் கண்டது. 2002 இல் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் தனி ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. ஒரு விளைபொருளின் விலை, முந்திய ஐந்தாண்டுச் சராசரியின் நூற்றுக்கு எண்பது பங்குக்குக் கீழே இறங்கி, அதற்கு இறக்குமதிப் பெருக்கம் முக்கிய காரணமாகவும் இருந்தால், விளைவித்தவர்கள் உதவி கோரலாம் என்றது அச்சட்டம். அதாவது, விலைவீழ்ச்சியே விவசாயியின் வேலைநீக்கக் கடிதம் என ஏற்றுக்கொள்ளப்பட்டது.

நம் நாட்டில் 2007 ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ், வெங்காயம், மிளகாய் போன்ற பண்டங்களின் இறக்குமதிமீது அறவீடு விதிக்க வழி வகுக்கப்பட்டது. அறுவடைக் காலத்தில் அறவீட்டை உயர்த்தினால் விவசாயிக்கு ஓரளவு காப்புக் கிடைக்கும். ஆனால் அறவீடு திறைசேரிக்குச் செல்லும் பணம். அது தானாகவே நட்டமடைந்தவர் கைக்கு வந்துவிடாது. அதில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி, விலை குறித்த எல்லைக்குக் கீழே விழும் ஆண்டில் கடன் தவணையைத் தாங்கவும், வேறு பயிருக்கோ தொழிலுக்கோ மாறுவதற்கான பயிற்சி அளிக்கவும் பயன்படுத்துவதென முன்கூட்டியே சட்டத்தில் எழுதிவைக்கலாம். கமநல சேவை நிலையங்கள் வாயிலாக விண்ணப்பங்களை ஏற்கலாம்.

முன்கூட்டியே என்பதே இதில் முக்கியம். 1977 இல் கதவு ஒரே நாளில் திறக்கப்பட்டது போலத் தோன்றினும், அதனால் வந்த நட்டம் பருவத்துக்குப் பருவம் வந்தது. அதை ஈடுசெய்யும் ஏற்பாடு பற்றி ஆறுதலாகப் பேசுமுன் 1983 உம் அதன் பின் போரும் வந்தன. தீவக மக்கள் ஊரையே விட்டு வெளியேற நேர்ந்தது. நட்டம் வந்த பின் உதவியைத் தேடுவோர்க்குக் காலம் காத்திருப்பதில்லை.

துறைமுகத்தைத் திறப்பதா மூடுவதா என்று வாதிடுவோர் இரு பக்கத்திலும் உளர். எப்பக்கம் வென்றாலும், இறக்குமதி பற்றிய முடிவு எழுதப்படும் அதே தாளில், அதனால் தொழிலிழப்போர்க்கு என்ன செய்யப்படும் என்பதும் எழுதப்படல் வேண்டும். கப்பல் கரையைச் சேருமுன்னரே அந்தத் தாள் ஆயத்தமாக இருக்கட்டும்.