‘தி சைன் ஆஃப் ஃபோர்’ புதினத்தில் நட்பும் குடும்பப் பாசமும்

‘தி சைன் ஆஃப் ஃபோர்’ என்பது ஆர்தர் கோனன் டாயில் எழுதிய துப்பறியும் புதினம் ஆகும். ஷெர்லாக் ஹோம்ஸ் இடம்பெறும் இரண்டாவது புதினமான இது, 1890 பிப்ரவரியில் லிப்பின்காட் மாத இதழில் வெளியானது. ஆக்ராவில் கொள்ளையடிக்கப்பட்ட புதையல், ஒரு கொலை, தேம்ஸ் ஆற்றில் படகுத் துரத்தல் ஆகியவற்றுக்காகவே இக்கதை பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் கதை மாந்தரிடையே உள்ள நட்பும் பாசமும் இல்லாமல் இதன் முடிவு பொருள்படாது.

கைக்கடிகாரம் அல்ல, சட்டைப்பைக் கடிகாரம்

முதல் அத்தியாயத்தில் வாட்சன் ஒரு பழைய கடிகாரத்தைக் கொடுத்து, அதைப் பார்த்து உரிமையாளரைப் பற்றிச் சொல்லுமாறு ஹோம்ஸைச் சோதிக்கிறார். சாவித்துளையைச் சுற்றியுள்ள கீறல்கள், உள்மூடியில் அடகுக்கடைக்காரர் பொறித்த எண்கள் ஆகியவற்றைக் கொண்டு, அது வாட்சனின் மூத்த சகோதரருடையது என்றும், அவர் குடியாலும் வறுமையாலும் சீரழிந்து இறந்தவர் என்றும் ஹோம்ஸ் கூறுகிறார். எல்லாம் உண்மைதான். ஆனால் வாட்சன் மனம் புண்பட்டு எழுந்துவிடுகிறார். புதிர் என்று மட்டும் எண்ணி அதன் பின்னுள்ள துயரத்தை மறந்துவிட்டதற்காக ஹோம்ஸ் உடனே வருத்தம் தெரிவிக்கிறார். அறிவால் எவரையும் வெல்லும் ஒருவர் நண்பனிடம் மன்னிப்புக் கேட்கும் இடம் இது.

வயலின் இசை

இரவு முழுவதும் அலைந்து களைத்த வாட்சனைச் சோஃபாவில் படுக்கச் சொல்லி, அவர் உறங்கும்வரை ஹோம்ஸ் தாமே அமைத்த மெல்லிய இசையை வயலினில் வாசிக்கிறார். வழக்குக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. வாயால் அன்பைச் சொல்லத் தெரியாத ஹோம்ஸ், அதைச் செயலில் காட்டுகிறார்.

ஆண்டுக்கு ஒரு முத்து

மேரி மார்ஸ்டன் இளமையிலேயே தாயை இழந்தவர். இந்தியாவில் படை அதிகாரியாக இருந்த அவருடைய தந்தை 1878-இல் லண்டனுக்கு வந்ததும் காணாமல் போனார். 1882 முதல் ஆண்டுதோறும் ஒரே நாளில் அவருக்கு ஒரு முத்து வருகிறது. அனுப்பியவர் தாடியஸ் ஷோல்டோ. தம் தந்தை மேரியின் குடும்பத்துக்குச் செய்த வஞ்சகத்துக்குப் பரிகாரமாக, சகோதரர் பார்த்தலோமியூவின் விருப்பமின்மையையும் மீறி அவர் இதைச் செய்கிறார். மேரி பணிபுரியும் வீட்டுத் தலைவியான திருமதி ஃபாரெஸ்டரும், நள்ளிரவில் திரும்பும் அவரை வேலைக்காரியாக அல்லாமல் மகளைப் போல அணைத்து வரவேற்கிறார்.

குற்றவாளிகளிடமும் விசுவாசம்

ஜோனாதன் ஸ்மால் புதையலுக்காகக் கொலையில் பங்கேற்றவர். எனினும் மற்ற மூன்று கூட்டாளிகளைக் கைவிட்டால் காரியம் எளிதாகும் என்ற நிலையிலும் அவர் இணங்கவில்லை. அந்தமானில் சாகும் தறுவாயில் இருந்த டோங்காவை அவர் பேணிக் குணமாக்குகிறார். அதன்பின் டோங்கா அவரைப் பிரியவே இல்லை. ஆயினும் அந்தமான் மக்களைக் கொடியவர்களாக டாயில் சித்திரித்திருப்பது அக்காலக் காலனிய வெறுப்பின் வெளிப்பாடு. இன்றைய வாசகர் அதை உண்மையென்று கொள்ளக் கூடாது.

காலிப் பெட்டி

புதையல் கிடைத்தால் மேரி பெரும் செல்வந்தர் ஆவார். அப்போது தம் காதலைச் சொன்னால் அது பணத்துக்காக என்று தோன்றும் என வாட்சன் தயங்குகிறார். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. பிடிபடும் முன் ஸ்மால் எல்லாவற்றையும் ஆற்றில் கொட்டிவிட்டார். இருவருக்கும் அது இழப்பாகத் தோன்றவில்லை. அவர்களிடையே இருந்த தடை நீங்கிவிட்டது.

முடிவு உணர்த்துவது

புதையலுக்காக நண்பனை ஏமாற்றிய மேஜர் ஷோல்டோ அச்சத்திலேயே வாழ்ந்து இறக்கிறார். புதையலை இழந்த மேரியும் வாட்சனும் நிறைவடைகின்றனர். ஆனால் வாட்சனின் திருமணச் செய்தியை ஹோம்ஸால் மனமார வாழ்த்த முடியவில்லை. வழக்கில் வென்றவருக்குத் தனிமையும் பழைய போதைப்பழக்கமுமே மிஞ்சுகின்றன. ஒரு நட்பு எவ்வளவு பெரியது என்பதை, அது கைநழுவும் வேளையில் இப்புதினம் காட்டுகிறது.