நிலாவைப் படம் எடுத்தால் ஏன் வெறும் வெள்ளைப் பொட்டாக வருகிறது?

மொட்டை மாடியில் நின்று பார்க்கிறீர்கள். பௌர்ணமி நிலாவின் கறைகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. படம் எடுத்தால் மட்டும் வெள்ளைப் பொட்டு! ஏன்?

ஒரே கல்லில் தடிமனான அடையையும் ஓர் அப்பளத்தையும் போட்டுப் பாருங்கள். அடை வேகும்வரை காத்திருந்தால் அப்பளம் கருகிவிடும், இல்லையா?

கேமராவும் இங்கேதான் ஏமாறுகிறது. காட்சி முழுவதையும் சராசரியாகப் பார்த்து, வெளிச்சம் போதவில்லை என்று முடிவுகட்டுகிறது. கறுப்பு வானத்துக்காக ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது. அதற்குள் நிலாவின் ஒளி சென்சாரில் நிரம்பி வழிந்துவிடுகிறது. கறைகள் காணாமல் போகின்றன.

இரவு நமக்குத்தான், நிலாவின் அந்த முகத்தில் பட்டப்பகல்! நீங்கள் எடுப்பது வெயிலில் காயும் பாறையை. எனவே பகல் அளவுகளே போதும்: ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 11, ஷட்டர் வேகம் 1/125 நொடி.

கைப்பேசியா? ஜூம் செய்து, திரையில் நிலாவைத் தொடுங்கள். பல கைப்பேசிகளில் பக்கத்திலேயே ஒரு சூரியக் குறி தோன்றும். அதைக் கீழே இழுங்கள்.

அடுத்து, அரைநிலா நாளில் முயலுங்கள். ஷட்டரை மட்டும் கொஞ்சம் மெதுவாக்குங்கள். பக்கவாட்டு வெயிலில் பள்ளங்களின் நிழல் நீளும். பௌர்ணமியில் தட்டையாகத் தெரிந்த மேடுபள்ளங்கள் அன்று எடுப்பாகத் தெரியும்.