ஆஞ்சநேயருக்கு உகந்த மிளகு வடை

மார்கழி மாதம் மூல நட்சத்திரத்தில் அவதரித்தவர் அருள்மிகு ஆஞ்சநேயர் என்பது நம் நாட்டு வழக்கு. துளசி, வெற்றிலை, வெண்ணெய் ஆகியவற்றோடு வடைமாலையும் அவருக்கு உகந்தது. நாமக்கல்லில் 18 அடி உயரத் திருமேனியாய் எழுந்தருளியுள்ள ஆஞ்சநேயருக்கு ஜெயந்தியன்று 1,00,008 வடைகளால் மாலை சாத்துகின்றனர். நம் மயிலாடுதுறை மாவட்டத்தில், திருக்கடையூருக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே உள்ள அனந்தமங்கலத்தில், முக்கண்ணும் பத்துக் கரங்களும் கொண்ட வீர ஆஞ்சநேயர் அருள்பாலிக்கிறார்.

பாலகனான அனுமன் சூரியனைக் கனியென்று எண்ணித் தாவியபோது இராகு எதிர்ப்பட்டுத் தோற்றான் என்று புராணம் கூறும். உளுந்து இராகுவிற்குரிய தானியமாதலால், உளுந்து வடை சாத்தி வழிபடுவோருக்கு இராகு தோஷம் நீங்கும் என்பது ஆன்றோர் நம்பிக்கை.

இவ்வடையில் மிளகாய் சேர்ப்பதில்லை. மிளகாய் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் போர்த்துக்கீசியரால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதற்கு முன் நம்மவர்க்குக் காரம் தந்தது மிளகே. பூம்புகார்த் துறையில் மிளகு மூட்டைகள் வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. காவிரி பிறக்கும் குடகு மலையில் மிளகு விளைகிறது. அவள் கடலோடு கலக்கும் நம் சோழ நாட்டில், சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னர் ஈர வயலில் உளுந்து தெளிக்கப்பட்டு, எஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே விளைகிறது. ஆகவே காவிரியன்னையின் தலையும் அடியும் இவ்வடையில் ஒன்றுகூடுகின்றன எனலாம்.

இல்லத்தில் இதனைச் செய்ய முற்படும் அன்பர்கள் சிலர், மெதுவடைக்குரிய மாவையே பயன்படுத்தி விடுகின்றனர். அம்மாலை சற்று நேரத்தில் தளர்ந்து, மறுநாளே ஊசிப்போய்விடும். பிரசாதத்தை எறிய நேர்வது மனத்திற்கு வருத்தம் தருவதாகும். மிளகு வடை நான்கைந்து நாட்கள் கெடாமல் இருக்க வேண்டும். அதன் இரகசியம் நீரைக் குறைப்பதிலேயே உள்ளது.

தேவையானவை: தோலுடன் கூடிய உடைத்த கறுப்பு உளுந்து 200 கிராம், மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, அரிசி மாவு 1 மேசைக்கரண்டி, உப்பு தலைதட்டி 1 தேக்கரண்டி, பொரிக்க எண்ணெய். வெங்காயம், பூண்டு சேர்க்கலாகாது. நிவேதனத்திற்கு முன் சுவை பார்த்தல் கூடாதாகையால் உப்பை அளந்தே இட வேண்டும்.

செய்முறை: நீராடித் தூய்மையுடன் தொடங்குக. உளுந்தைக் கழுவி அரை மணி நேரம் மட்டும் ஊற வைக்கவும். மேலும் ஊறினால் மிகுதியாக நீரை உறிஞ்சிவிடும். பின்னர் நீரை முற்றிலும் வடித்து, அரை மணி நேரம் வடிதட்டிலேயே இருக்க விடவும். மிளகையும் சீரகத்தையும் ஒன்றிரண்டாகப் பொடிக்கவும். உளுந்தை நீர் விடாமல் கொரகொரப்பாக அரைக்கவும். அரைபடாவிடில் ஒரு கை நீர் தெளித்தால் போதும். அரைத்த மாவில் பொடித்தவை, உப்பு, அரிசி மாவு, ஒரு கரண்டி காய்ந்த எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் கெட்டியாகப் பிசையவும்.

எண்ணெய் தடவிய வாழையிலையில் எலுமிச்சையளவு மாவைத் தட்டைபோல் மெல்லியதாகத் தட்டி, நடுவில் துளையிடவும். துளை மாலை கோப்பதற்கு மட்டுமன்று. உள்ளே நீராவி தங்கினால் வடை வெடித்து எண்ணெய் தெறிக்கக்கூடும். மெல்லிய தட்டும் துளையும் ஆவிக்கு வழி விடுகின்றன.

மிதமான தீயில், பொறுமையுடன் பொரிக்கவும். எண்ணெயில் எழும் குமிழிகள் மாவிலுள்ள நீர் ஆவியாவதைக் காட்டுவன. அவை முற்றிலும் அடங்கிய பின்னரே எடுக்க வேண்டும். தீ மிகுந்தால் மேற்புறம் கருகி உள்ளே ஈரம் தங்கிவிடும். இவ்வளவில் சுமார் 20 வடைகள் கிடைக்கும். நன்கு ஆறிய பின்னரே நூலில் கோக்கவும்; சூட்டோடு மூடி வைத்தால் வியர்த்து, மொறுமொறுப்புக் குன்றும்.

திருக்கோயில்கள் பலவற்றில் மடைப்பள்ளியில் செய்த வடைமாலையே சாத்தப்படும். ஆதலால் முன்னரே திருக்கோயில் அலுவலகத்தில் கேட்டறிதல் நலம். இல்லத்துப் பூஜையறையில் உள்ள திருவுருவப் படத்திற்கும் 9 அல்லது 11 வடைகள் கோத்துச் சாத்தி வழிபடலாம். எண்ணிக்கையினும் அன்பே பெரிது.

நிவேதனம் முடிந்ததும் அனைவருக்கும் பகிர்ந்தளித்தல் வேண்டும். அன்று வர இயலாத முதியோருக்கும், வெளியூரில் உள்ள பிள்ளைகளுக்கும் சில நாள் கழித்தும் பிரசாதம் சென்று சேர இவ்வடை உதவுகிறது. நம் முன்னோர் நீரைக் குறைத்து இதனைச் செய்ததன் பயன் அதுவே. ஒரு துண்டும் வீணாகாமல் பகிர்ந்துண்டு, அஞ்சனை மைந்தன் அருளால் அச்சம் நீங்கி வாழ்வோமாக!