அயோடின் ஒன்று, எடை இரண்டு

சந்தாபுராவில் ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளியின் மனைவிக்குத் தைராய்டு நோய். ‘அயோடின் 131’ மருந்து கொடுக்கும் டாக்டர், சில நாள் குழந்தையைத் தூக்க வேண்டாம், தனியே படுங்கள் என்பார். தொற்று நோயோ என்று வீடே கலங்கும். தொற்று அல்ல.

உப்பில் சேரும் அயோடினில் 53 புரோட்டான், 74 நியூட்ரான், கூட்டினால் 127. இதுவே நிறை எண். மும்பை டிராம்பே அணு உலையில் உருவாகும் மருந்து அயோடினில் நியூட்ரான் 78. நிறை எண் 131. புரோட்டான் மாறாததால் இரண்டும் அயோடினே. இவை ஐசோடோப்புகள்.

தைராய்டுச் சுரப்பிக்கு வேற்றுமை தெரியாது, இரண்டையும் ஏற்கும். உள்ளே சென்ற 131 கதிர் வீசி நோயை அழிக்கும். அக்கதிரில் ஒரு பகுதி வெளியேயும் வரும், அதனால்தான் ஒதுக்கம். எட்டு நாளில் மருந்தின் வீரியம் பாதியாகும்.

வீடு ஒற்றை அறை என்றால், அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.