கடைசித் தேதியும் கணிப்பொறியும்

ஒரு கல்வி உதவித் தொகைக்கு 2025 ஜூன் 1 முதல் ஜூன் 30 வரை விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு மாணவர் 30-ஆம் தேதி காலை பத்தரை மணிக்குத் தம் விண்ணப்பத்தை அனுப்புகிறார். அது ஏற்கத்தக்கதா? "இதில் என்ன சந்தேகம்? ஏற்கத்தக்கதுதான்" என்பீர்கள். ஆனால், விண்ணப்பங்களைப் பிரிக்கும் புரோகிராமைக் கவனமின்றி எழுதியிருந்தால், கணிப்பொறி அதைக் கெடு கடந்தது என்று தள்ளிவிடும். அதுமட்டுமன்று. 2019-ஆம் ஆண்டின் பழைய விண்ணப்பம் ஒன்றை உரிய காலத்தில் வந்ததென ஏற்றுக்கொள்ளவும் கூடும்! இயந்திரத்தில் பழுது ஏதும் இல்லை. சொன்னதைத்தான் அது செய்தது. அப்படியானால் தவறு எங்கே?

எழுத்தா, எண்ணா?

15-03-2019 என்பதைக் கண்டதும் அது ஒரு தேதி என்று நமக்குப் புரிகிறது. கணிப்பொறிக்கோ, நாம் வேறு விதமாகச் சொல்லாதவரை, அது வெறும் பத்துக் குறிகளின் வரிசைதான். கணிப்பொறியில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. ஆஸ்கி என்னும் முறையில் 0 என்ற குறிக்கு 48, 1-க்கு 49, 9-க்கு 57. இரு வரிசைகளை ஒப்பிடும்போது, அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல், இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு குறியாகப் பார்த்து, முதல் வேறுபாடு கண்ட இடத்திலேயே கணிப்பொறி முடிவு சொல்லிவிடும்.

தொடக்கம் 01-06-2025, முடிவு 30-06-2025. பழைய விண்ணப்பத்தின் தேதி 15-03-2019. இவற்றின் முதற் குறிகள் முறையே 0, 3, 1. ஒன்று என்பது பூச்சியத்துக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்கிறது. எனவே 'உள்ளே' என்ற விடை வந்துவிடுகிறது. மாதத்தையும் ஆண்டையும் கணிப்பொறி பார்க்கவே இல்லை!

இதற்கு எளிய மாற்று, ஆண்டை முதலில் எழுதுவது: 2025-06-01, 2025-06-30, 2019-03-15. எண்களில் பெரிய மதிப்புள்ள இலக்கம் இடப்பக்கம் நிற்பதுபோல, இங்கு ஆண்டு, மாதம், நாள் என்று வரிசை அமைகிறது. இப்போது எழுத்தாக ஒப்பிட்டாலும் விடை சரியாக வரும். சர்வதேசத் தர அமைப்பு 1988-இல் வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் தரவிதியும் இந்த வரிசையையே கூறுகிறது. ஓரிலக்க மாதத்துக்கும் நாளுக்கும் முன்னால் பூச்சியம் இடுவது கட்டாயம். இல்லையெனில் 2025-10-01 என்பது 2025-9-01-க்கு முந்தியதாகிவிடும். ஏனெனில் 1 என்பது 9-ஐவிடச் சிறியது.

தனித்தனியே ஒப்பிடலாமா?

நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றைப் பிரித்து ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது புதிதாகப் புரோகிராம் எழுதுவோர் செய்யும் மற்றொரு பிழை. எல்லை 2024 நவம்பர் 20 முதல் 2025 பிப்ரவரி 10 வரை என்க. 2024 டிசம்பர் 5 இதற்குள் அடங்குவது வெளிப்படை. ஆயினும் 5 என்பது 20-ஐவிடச் சிறியது. 12 என்பது 2-ஐவிடப் பெரியது. ஆகவே இம்முறையில் அந்தத் தேதி வெளியே தள்ளப்படும். சரியான முறை இதுதான்: முதலில் ஆண்டை ஒப்பிட வேண்டும், ஆண்டு ஒன்றாக இருந்தால் மட்டும் மாதத்தை, மாதமும் ஒன்றாக இருந்தால் மட்டும் நாளை.

ஒரு நாளுக்கு 24 மணி நேரம்

இனி, நம் மாணவரிடம் வருவோம். தேதியோடு மணி, நிமிடம், நொடி ஆகியவற்றையும் சேர்த்துப் பதியும்போது, வெறுமனே 2025-06-30 என்று எல்லை கொடுத்தால், அதைப் பெரும்பாலும் அந்த நாளின் முதல் நொடி, அதாவது நள்ளிரவு 0 மணி என்றே கணிப்பொறி கொள்ளும். காலை பத்தரை மணி அதற்குப் பிந்தியது அல்லவா? ஆகவே கடைசி நாள் ஏறக்குறைய முழுவதும் பறிபோகிறது. தகவல் தளங்களில் வழங்கும் எஸ்.க்யூ.எல். மொழியின் 'பிட்வீன்' என்னும் சொல் இரு எல்லைகளையும் சேர்த்தே கொள்வது. ஆயினும் இந்தப் பிழையிலிருந்து அது காப்பாற்றாது.

சிலர் எல்லையை இரவு 23:59:59 என்று எழுதுவார்கள். அந்த நொடிக்கும் நள்ளிரவுக்கும் இடைப்பட்ட அரை நொடியில் வந்த விண்ணப்பம் என்னாவது? சிறந்த வழி, முடிவாக மறுநாளின் தொடக்கத்தைக் கொண்டு, அதைச் சேர்க்காமல் விடுவதாகும்:

ஜூன் 1, 0 மணி ≤ வந்த நேரம் < ஜூலை 1, 0 மணி

இவ்விரு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேற வேண்டும். 'ஏதேனும் ஒன்று போதும்' என்று எழுதிவிட்டால் எல்லாத் தேதிகளும் உள்ளே வந்துவிடும்.

எண்களின் தொடரைக் குறிக்கத் தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விடும் முறையே நல்லது என்று நெதர்லாந்துக் கணிப்பொறி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982-இல் விளக்கினார். இதில் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் நீளம் கிடைக்கும்: ஜூன் 1-க்கும் ஜூலை 1-க்கும் இடையே 30 நாள். ஜூன் முடியும் இடத்திலேயே ஜூலை தொடங்குவதால் இடைவெளியும் இல்லை, இரட்டிப்பும் இல்லை. பிப்ரவரிக்கு 28 நாளா, 29 நாளா என்ற கவலையும் இல்லை.

எந்த ஊர் நள்ளிரவு?

பல கணிப்பொறிகள் நேரத்தை, 1970 ஜனவரி 1 தொடங்கி எண்ணிய நொடிகளாக உலகப் பொது நேரத்தில் வைத்துள்ளன. இரண்டு எண்களில் எது பெரியது என்று பார்ப்பது எளிது. ஆனால் இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. ஆகவே நம் ஜூன் மாதம், பொது நேரப்படி மே 31 மாலை 6.30-க்குத் தொடங்கி ஜூன் 30 மாலை 6.30-க்கு முடிகிறது. இதை மறந்தால், ஜூலை 1 விடியற்காலையில் வந்த விண்ணப்பமும் ஜூன் கணக்கில் சேர்ந்துவிடும்.

நீங்கள் எழுதும் புரோகிராமை ஐந்து நேரங்களைக் கொடுத்துச் சோதியுங்கள்: தொடக்கத்துக்கு ஒரு நொடி முன்பு, தொடக்க நொடி, கடைசி நாள் இரவு 11.59, மறுநாள் நள்ளிரவு, வேறோர் ஆண்டின் ஜூன் 15. இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் மட்டுமே உள்ளே வர வேண்டும். பிழை பெரும்பாலும் எல்லையில்தான் ஒளிந்திருக்கும். கெடுவின் கடைசி நாளில் விண்ணப்பிப்பவர்களோ பலர்.