பாட்டு முடியும் முன்பே எழும் பாட்டு

எண்பதுகளில் கம்பம், குமுளி, பாலக்காடு என்று தமிழக-கேரள எல்லையின் இருபுறத்துக் கேசட் கடைகளிலும், பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்து 60 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்குவார்கள். பக்கத்துக்கு 30 நிமிடம்; ஆறேழு பாட்டு அடங்கும். அதை நாடா தேயத் தேயக் கேட்டவர்களுக்கு, ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த பாட்டின் தொடக்க இசை மனதுக்குள் கேட்டுவிடும். வானொலியில் அதே பாட்டை அடுத்து வேறொன்று வந்தால் ஏதோ தவறியதுபோல் இருக்கும். இதற்கு உடலில் தடயம் உண்டு. 2009இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கேட்பவருக்கு நன்கு பழகிய சிடியிலிருந்து ஒரு பாட்டின் கடைசிப் பகுதியை ஒலிக்கவிட்டு, அதன்பின் வந்த மௌனத்தில் மூளையைப் படமெடுத்தார்கள். ஒலியே இல்லாத அந்த நேரத்தில், உடலசைவுகளைத் திட்டமிடும் பகுதிகள் சுறுசுறுப்பாயின. பழகாத இசைக்குப் பின் அப்படி நடக்கவில்லை. இருட்டில் பழகிய மாடிப்படியைக் கால் தேடுவதுபோலத்தான் மூளையும் அடுத்த பாட்டைத் தேடுகிறது.

தனித்தனிப் பாட்டாக வாங்கும்போது நடப்பது வேறு. 2013இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வில், புதிய பாட்டுகளின் 30 விநாடித் துணுக்குகளைக் கேட்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பணத்தில் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் எவ்வளவு தூண்டப்பட்டதோ, அதற்கேற்பத் தொகையும் உயர்ந்தது. அரை நிமிடத்தில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. கேட்கக் கேட்கப் பிடித்துப்போகும் பாட்டுக்கு இந்தச் சந்தையில் வாய்தாவே கிடைப்பதில்லை. முழு ஆல்பம் கேட்பவரோ, பிடித்த பாட்டுக்காகக் காத்திருக்கையில் பிடிக்காத பாட்டையும் பத்து முறை கேட்கிறார். பதினோராவது முறை அதுவே பிடித்துவிடுகிறது.

காட்சிக்காகப் போட்ட ஐந்து சினிமாப் பாட்டுகள் அடங்கிய ஆல்பத்தில் என்ன வரிசை இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இசைப்பதிவின் நீளத்தைத் தீர்மானித்ததே கருவிதான் என்பதும் உண்மை. 78 சுற்று இசைத்தட்டில் பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடம்தான். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் தனி ஆவர்த்தனம் அதில் எப்படி அடங்கும்? 1948இல் எல்.பி. இசைத்தட்டு வந்த பிறகே பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. ஆனால் கேசட் கடைக்குக் கொடுத்த அந்தத் தாளே வரிசை பற்றிய கேள்விக்குப் பதில். அதன் வரிசையை எந்த இசையமைப்பாளரும் வகுக்கவில்லை. மாறாமல் இருந்தது, அவ்வளவே. மூளைக்கு அது போதும். ஆகவே தனிப்பாட்டு வாங்குவதில் குற்றமில்லை. வாங்கியதை ஒவ்வொரு முறையும் கலைத்துப்போடும் ஷஃபிளில்தான் இழப்பு. 2021 நவம்பரில் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதன்பேரில், ஆல்பம் பக்கங்களில் ஷஃபிளை முதன்மைத் தேர்வாக வைப்பதை ஸ்பாட்டிஃபையே கைவிட்டது.

இடுக்கி மலைகளுக்குக் கிழக்கே, அடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். அந்த ஊரில் பிறந்த இளையராஜா 1986இல் தந்த ‘ஹௌ டு நேம் இட்’, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் சமர்ப்பித்த ஆல்பம். ஷஃபிளை அணைத்துவிட்டு, ஒரு வாரம் அதை முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். ஒரு படைப்பு முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் மௌனத்தில் மட்டும் காதைக் கூர்மையாக வைத்திருங்கள்.